காலியாகத் தெரியும் பஸ் தடம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்று தடச் சாலையில் ஒன்றை பஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டார்கள், மற்ற இரண்டிலும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது அது மட்டும் காலியாகக் கிடக்கிறது, இது வீணில்லையா?

காலியாகத் தெரிவது உண்மைதான். நிமிடத்துக்கு ஒரு பஸ் போனால்கூட, ஓரிடத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பெரும்பாலான நேரம் வெறும் தார்தான் தெரியும். ஆனால் பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் மணிக்கு 3,000 பேர் போய்விட்டார்கள். பக்கத்துத் தடத்தில் பச்சை விளக்கு அணையாமலே எரிந்தால் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் சிக்னலைத் தாண்டும். பாதி நேரம்தான் பச்சை என்றால் 900. காருக்கு ஒன்றரை பேர் என்று வைத்தாலும் 1,350 பேர். நிரம்பி வழிகிற தடம், காலியாகத் தெரிகிற தடம் சுமப்பதில் பாதியைக்கூடச் சுமக்கவில்லை. மணிக்கு ஆறே பஸ் ஓடுகிற சாலையில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே முழுத் தடம் வேண்டாம். சிக்னலுக்கு முன்னால் கொஞ்ச தூரம், வரிசையைத் தாண்டிப் போக மட்டும் வழி விட்டால் போதும்.

சரி, இதுவரை வெறும் பெருக்கல் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தபடி இருக்கிறது.

ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது, அந்த வழித்தடத்தில் 10 பஸ்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு நிமிடத்துக்கு ஒன்று வரும். சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம். நெரிசல் கூடி, போய்வர 90 நிமிடம் ஆகிறது. ஒரு பஸ்ஸைக்கூட யாரும் குறைக்கவில்லை, ஆனாலும் இப்போது ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். பயணமும் நீண்டது, காத்திருப்பும் நீண்டது. பழையபடி ஆறு நிமிடத்துக்கு ஒன்று விட 15 பஸ்கள் வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால், நெரிசலிலிருந்து பஸ்ஸைப் பிரித்துவிடுகிற ஒரு வெள்ளைக் கோடு ஐந்து பஸ்களையும் அவற்றை ஓட்டும் ஆட்களையும் மிச்சப்படுத்துகிறது.

1972-இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை ஒட்டிய ஓர் அழகான உண்மையைக் காட்டினார். நெரிசலான சாலையில் ஒரு கார் கூடினால் மற்ற எல்லாருக்கும் தாமதம் கூடும். பஸ்ஸிலோ, பயணிகள் கூடக்கூட பஸ் போய்வரும் நடைகளும் கூடும். நடைகள் கூடினால் ஏற்கெனவே போய்வந்தவர்களுக்கும் காத்திருப்பு குறையும். ஒரே சாலையில் எதிரெதிர்க் குணமுள்ள இரண்டு ஏற்பாடுகள் ஓடுகின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவே மக்கள் தேர்வு செய்யும்போது என்ன ஆகும்? உச்ச நேரத்தில் இரண்டில் எதையும் எடுக்கக்கூடியவர்கள் வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை ஆகும் நேரத்தைப் பார்ப்பார்கள். எது வேகமோ அதற்கு மாறுவார்கள், இரண்டும் ஏறக்குறைய சமமாகும் வரை. இரண்டுக்கும் 40 நிமிடம் என்று கொள்வோம். சாலையை அகலப்படுத்துகிறார்கள், கார் 32 நிமிடத்தில் போகிறது. பஸ் பயணிகள் சிலர் காருக்கு மாறுகிறார்கள். வசூல் குறைகிறது, நடைகளைக் குறைக்கிறார்கள், பஸ் பயணம் 45 நிமிடம் ஆகிறது. அதைப் பார்த்து இன்னும் சிலர் மாறுகிறார்கள். கார்கள் பெருகிப் பெருகி, காருக்கும் 45 நிமிடம் ஆனபிறகுதான் இந்த மாற்றம் நிற்கிறது. பணம் செலவழித்து எல்லாரும் ஐந்து நிமிடம் இழந்ததுதான் மிச்சம். 1962-இல் ஆந்தனி டவுன்ஸும் 1977-இல் ஜே. எம். தாம்சனும் எழுதியதையொட்டி இதற்கு டவுன்ஸ்-தாம்சன் முரண் என்று பெயர்.

இது எல்லா இடத்திலும் நடக்காது. நெரிசல் இருக்க வேண்டும், மாற்று வழி இருக்க வேண்டும், வசூலைப் பார்த்து நடையைக் குறைக்கும் பழக்கமும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை அரசு நினைத்தால் உடைக்கலாம். அதனால்தான் பஸ்ஸுக்குத் தரும் பணத்தை நஷ்ட ஈடு என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. அது சாலைக்கான செலவு. காரில் போகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

கார்ப் பக்கத்தில் ஒரு சிறு தள்ளுதலும் வேண்டும். ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் 2006-இல் ஜனவரி முதல் ஜூலை வரை நகர மையத்துக்குள் வந்துபோகும் வண்டிகளுக்குச் சோதனையாகக் கட்டணம் வைத்தது. எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கட்டணம் நின்றதும் வண்டிகள் மறுபடி கூடின. அந்த ஆண்டே நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் கட்டணத்தை ஆதரித்தார்கள். 2007-இல் அது நிரந்தரமானது.

அப்புறம் சிக்னல். பஸ்கள் ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று மாறிமாறி வந்தால் சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம் அல்ல, 4 நிமிடம் 20 நொடி. காரணம், நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்து நிமிட இடைவெளியில்தான் மாட்டுவார்கள். தாமதமான பஸ்ஸுக்குக் கூட்டமும் அதிகம், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ் அதை எட்டிப்பிடித்துவிடும். ஆகவே பின்தங்கிய பஸ்ஸைக் கண்டதும் பச்சையைச் சில நொடி நீட்டிக்கும் சிக்னல் மிகவும் பயனுள்ளது. நேரத்துக்கு வரும் பஸ்ஸுக்கு நீட்ட வேண்டியதில்லை.

இந்த நொடிகளை நடப்பவரிடமிருந்து எடுக்கக் கூடாது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 நொடி வேண்டும், முதியவருக்கு இன்னும் அதிகம். சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள்கள் வண்டிகளை இரவு பகலாக எண்ணுகின்றன. நடப்பவர்களை அப்படி எண்ணும் கருவிகள் மிகவும் குறைவு. வண்டிகளின் ஓட்டத்தைக் கணிக்கும் ஆய்வுகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் எண்ணுவதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த எண் கையில் இல்லாதவரை சிக்னல் நேரம் போடும் பொறியாளரின் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள்.