பழைய கேமராவுக்குப் புதுத் தோல் ஒட்டும் முன்

குன்னூரில் கேமரா பழுது பார்க்க உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் பல வருஷம் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் படியேறவில்லை. இப்போது வருகிறார்கள், அதுவும் காலேஜ் படிக்கும் பிள்ளைகள், தாத்தாவின் பீரோவிலிருந்து எடுத்த யாஷிகாவோடும் பென்டாக்ஸோடும். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் வருகிற கேமராக்களில் பல வயதாகிக் கெட்டவை இல்லை, போன மாசம் வரை ஓடிக்கொண்டிருந்து, வீட்டு மேஜையில் அழகுபடுத்தும்போது கெட்டவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் வந்தார். தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000. பழைய கறுப்பு ரெக்சினை உரித்துவிட்டு, மெல்லிய பழுப்புத் தோல் வெட்டி ஒட்டியிருந்தார். லென்ஸ் மாட்டும் வளையத்தைச் சுற்றி வெட்டிய வளைவைப் பார்த்து நானே இரண்டு முறை தடவிப் பார்த்தேன், அவ்வளவு சுத்தம். "அண்ணா, உள்ளே ஃபங்கஸ் வந்துடுச்சு, பார்த்தா வெள்ளையா தெரியுது" என்றார். ஃபங்கஸ் சிலந்தி வலை மாதிரி கிளை விட்டுப் படரும். இது பவுடர் பூசினது போல ஒரே படலம். என்ன பசை போட்டீர்கள் என்று கேட்டேன். ஃபெவிக்விக்.

அந்தப் பசை காயும்போது வரும் ஆவி, பக்கத்தில் இருக்கும் பொருளில் வெள்ளையாகப் படியும். போலீஸ் கைரேகை எடுப்பதற்கே இதே ஆவியைப் பயன்படுத்துகிறார்கள். லென்ஸைக் கழற்றாமல், ஜன்னலையும் சாத்திவைத்து ஒட்டியிருக்கிறார் (வெளியே மழை, வேறென்ன செய்வார்?). லென்ஸ் கண்ணாடியில் படிந்ததைத் துடைத்து எடுத்துவிட்டேன். லென்ஸைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஃபோகஸிங் ஸ்கிரீனிலும் (வ்யூஃபைண்டரில் நாம் பார்க்கும் காட்சி விழும் தகடு) படிந்திருந்தது. அது பிளாஸ்டிக், அந்தப் பசையைக் கரைக்கும் அசிடோன் பட்டால் அதுவும் சேர்ந்து கரையும். வேறொரு செத்த கே1000-இலிருந்து எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று.

தோல் ஒட்ட எனக்குப் பிடித்தது மெல்லிய இருபக்க டேப்தான். தப்பாகப் போனால் உரித்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம், அடுத்து பழுது பார்ப்பவருக்கும் உள்ளே போக வழி இருக்கும், ஏனென்றால் பல கேமராக்களில் ஸ்க்ரூக்கள் தோலுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கின்றன. பழைய பசையை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும், நேராக ஊற்றக் கூடாது. கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். உரித்த பழைய ரெக்சினைத் தூக்கிப் போடாதீர்கள், புதுத் தோல் வெட்ட அதுதான் அளவு.

அடுத்தது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஃபிளாஷ் உள்ளேயே இருக்கும் கேமராவை வீட்டில் திறக்கவே வேண்டாம். யாஷிகா எம்எஃப்-2 நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரிதானே என்று நினைப்பீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை ஏற்றி வைத்துக்கொள்ளும், பேட்டரியைக் கழற்றின பிறகும் பல நாள் அது இறங்காமல் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் தொட்டு இறக்கிக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள், அதில் தெறிக்கும் பொறி கண்ணில் விழும். அந்தக் கேமராவுக்கு வெளியே ஸ்டிக்கர் ஒட்டுங்கள், பட்டை மாற்றுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளி நிறத்தைச் சுரண்டி உள்ளே பித்தளை தெரிய வைப்பது இப்போது ஒரு ஆசை. கே1000 1976 முதல் 1997 வரை வந்தது, பிற்காலத்தில் வந்தவற்றின் மேல்மூடி பிளாஸ்டிக். உப்புத்தாள் போட்டால் பித்தளை வராது. இன்னும் சிலர் பாத்ரூம் ஆசிட்டில் மூடியை ஊறப்போடுகிறார்கள், பேட்டரி வயரும் காஸ்டிக் சோடாவும் வைத்து குரோமை இறக்குகிறார்கள். இந்த இரண்டாவது முறையில் வரும் மஞ்சள் தண்ணீரில் இருப்பது புற்றுநோய் வரவழைக்கும் குரோமியம். அதைக் கொல்லைப்புறச் சாக்கடையில் ஊற்றினால் குன்னூர் ஆற்றில் இறங்கி பவானிக்குத்தான் போகும். கறுப்பு வேண்டுமென்றால் மூடியைக் கழற்றி பெயிண்ட் அடியுங்கள், குரோமை விட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூ பற்றி ஒரே வார்த்தை: ஜப்பான் கேமராவின் நட்சத்திர ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை கொண்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஹார்டுவேர் கடை ஸ்க்ரூடிரைவர் தலையைத் தின்றுவிடும்.

பின்கதவு ஓரத்திலும் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடிக்கு மேலேயும் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் தார் மாதிரி பிசுபிசுத்திருக்கும். தோல் வேலைக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள், பல்குத்தும் குச்சியால் மெதுவாக. துகள் கண்ணாடியில் விழுந்தால் துடைக்காதீர்கள், ரப்பர் பல்பால் ஊதினால் போதும். அதன் பளபளக்கும் பூச்சு மேல்பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு துடைப்பில் கீறல் விழும். ஷட்டர் திரையில் விரல் படக் கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் நம் மலையில் காலம் பார்க்க வேண்டும். ஊட்டி இந்துநகரில் ஃபிலிம் தொழிற்சாலை வந்ததற்குக் காரணமே இங்குள்ள குளிர்ச்சியும் தூசில்லாத காற்றும் என்பார்கள், 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தது. ஃபிலிமுக்கு இந்தக் குளிர் நல்லது. லென்ஸுக்கு ஈரம் ஆகாது. மேகம் வீட்டுக்குள் நுழையும் நாளில் கேமராவைத் திறந்து, வேலை முடித்து மூடினால், அந்த ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுகிறோம். பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. தை, மாசி, பங்குனியில் வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள். முடித்ததும் லெதர் உறைக்குள் போட்டு பீரோவில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறினால் வறுத்து எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

கோத்தகிரிப் பெண் மார்கழியில் வந்து கேமராவை வாங்கிக்கொண்டு போனார். அவர் ஒட்டிய தோலில் நான் கை வைக்கவில்லை, மேல்மூடி வழியாகவே ஸ்கிரீனை மாற்றிவிட்டேன். அடுத்து அப்பாவின் ஆக்பா கிளிக் 3-க்குத் தோல் போடப் போகிறாராம். தை பிறக்கட்டும் என்று சொல்லி, ஒரு சுருள் இருபக்க டேப் கொடுத்தனுப்பினேன்.