புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது

நாகர்கோவில் பக்கம் கண்காட்சி என்றால் பெரும்பாலும் பள்ளி அரங்கமோ கல்யாண மண்டபமோதான். வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை, வரிசையாக டியூப் லைட். அங்கே புரொஜெக்டர் போட்டால் படம் வெளிறிப்போகும். உடனே, "இதைவிட பவர் கூடினது எடுத்திருக்கணும்" என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புரொஜெக்டரால் ஒளியைக் கூட்டத்தான் முடியும். படத்தில் கறுப்பு வரவேண்டிய இடத்துக்கு அது ஒளி அனுப்பாமல் விடுகிறது, அவ்வளவுதான். அங்கே நமக்குத் தெரிவது அறை வெளிச்சம் பட்ட வெறும் திரை. அறை எவ்வளவு வெளிச்சமோ, கறுப்பும் அவ்வளவு வெளுப்பு.

கருவி வெளிவிடும் மொத்த ஒளியை லூமெனில் அளப்பார்கள்; ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறதோ அதுதான் லக்ஸ். 3000 லூமென் கருவி, 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் திரை. பரப்பு 3 சதுர மீட்டர். ஆக, திரையில் விழுவது 1000 லக்ஸ். அரங்க விளக்குகளிலிருந்து இன்னொரு 500 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை 1500, கறுப்பு 500. மூன்று மடங்குதான் வித்தியாசம். பெரிய எழுத்தைப் படிக்கலாம், புகைப்படம் எடுபடாது. 6000 லூமென் கருவி வாங்கினால் இது ஐந்து மடங்காகும். பழைய கருவியையே வைத்துக்கொண்டு, திரைமேல் விழும் அறை வெளிச்சத்தை 100 லக்ஸாகக் குறைத்தால்? 1100-க்கு 100. பதினொரு மடங்கு! செலவும் இல்லை.

அதனால் முதலில் திரைக்குப் பக்கத்து விளக்கு வரிசையை அணையுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் திரை வேண்டாம். திரையின் மேலும் பக்கங்களிலும் கறுப்புத் துணி கட்டுங்கள். படத்தைப் பெரிதாக்கும் ஆசையையும் அடக்க வேண்டும்: நீளமும் அகலமும் இரட்டித்தால் ஒளி கால்பங்காகிவிடும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரக் கிராதி ஜன்னல்களும் கறுத்த தரையும் வெயிலை எப்படி அடக்குகின்றன என்று கவனித்துப் பாருங்கள். நம் மண்டபங்களை அப்படிக் கட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

அறை வெளிச்சத்தைத் தாங்கும் தனித் திரைகளும் உண்டு. ஒருவகையில் நுண்ணிய வரிமேடுகள் இருக்கும். மேலிருந்து வரும் விளக்கொளியை அவை விழுங்கும், கீழிருந்து வரும் புரொஜெக்டர் ஒளியைப் பார்வையாளர் பக்கம் திருப்பும். இதற்குத் திரையடியிலேயே வைக்கும் கருவிதான் சரி. கூரையில் தொங்கும் சாதாரணப் புரொஜெக்டரின் ஒளியையும் இந்தத் திரை விழுங்கிவிடும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பட்டப்பகலில் காட்ட வேண்டுமா? நேர் வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை போகும். எல்இடி திரை எடுங்கள். இல்லையென்றால் சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.