சாவி ஆணா, பெண்ணா?

இந்தி படிக்கப் போகும் தமிழருக்குத் தலைசுற்றும் இடம் ஒன்று உண்டு. ரயில் வண்டி எப்படிப் பெண்பால் ஆனது? புத்தகம் பெண்பால், அது கிடக்கும் அறை மட்டும் ஏன் ஆண்பால்? கேட்டால், "அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பார் வாத்தியார்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. மனிதரும் தெய்வமும் உயர்திணை, மிச்சமெல்லாம் அஃறிணை. ஜெர்மனில் சொல்லின் விகுதியே பாலை மாற்றிவிடும். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அங்கே பெண்பால் இல்லை. 'ஷென்' என்ற சிறுமை விகுதி ஒட்டியதால் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பாலுக்குப் போய்விட்டது.

சரி, காலமெல்லாம் சாவியை 'அவன்' என்றே சொல்லி வந்தால் மனசுக்குள்ளும் அது ஆணாகிவிடுமா? சாவி ஜெர்மனில் ஆண், ஸ்பானியத்தில் பெண். மொழியும் மனமும் பற்றி ஆராயும் உளவியலாளர் லெரா பொரோடிட்ஸ்கியும் சகாக்களும் இரு மொழிக்காரர்களிடமும் ஆங்கிலத்திலேயே சாவியை வர்ணிக்கச் சொன்னதாக 2003இல் எழுதினார்கள். ஜெர்மானியர் 'கனமானது, கடினமானது' என்றார்களாம். ஸ்பானியர் 'பொன்னிறமானது, குட்டியானது' என்றார்களாம். கேட்க அழகாக இருக்கிறது, அதனாலேயே உலகம் சுற்றிவிட்டது. ஆனால் 2014இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சாவிக் கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பேச்சு மனிதர்களைப் பற்றியது என்றால் கதை வேறு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மையே வழக்கம். உளவியலாளர் பாஸ்கல் ஜிகாக்ஸ் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வாக்கியம் ஒரு தொழில் செய்பவர்களைப் பற்றிப் பேசும்; அடுத்தது அவர்களில் சில ஆண்களையோ பெண்களையோ குறிப்பிடும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று சொல்ல வேண்டும். அழகுக்கலைஞர்கள் போன்ற, பெண்கள் அதிகம் என்று நினைக்கும் தொழிலிலும் அந்த இரு மொழிக்காரர்களின் மனம் ஆண்கள் பக்கமே சாய்ந்தது. ஆங்கிலக்காரர்களோ தொழிலைப் பற்றிய வழக்கமான எண்ணத்தின்படி போனார்கள்.

நம் 'ஆசிரியர்கள் வந்தார்கள்' பலர்பால். ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒருமைக்கு வந்தால் மரியாதை விகுதி இருக்கிறதே! "டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தாள்" என்று எத்தனை கதைகளில் படித்திருப்போம். 'நர்ஸ் வந்தார்' என்று எழுத இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை. 'வந்தாள்' என்பதில் உள்ள அந்த 'ஆள்' விகுதி எழுதுகிறவர் கையிலிருந்து வந்தது.

துருக்கி மொழியில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் 'ஓ' ஒன்றுதான். அப்புறம் என்ன, பாரபட்சத்துக்கு இடமே இல்லை என்று தோன்றும். கூகுள் மொழிபெயர்ப்பில் அதை ஆங்கிலமாக்கினால், டாக்டர் என்றதும் 'அவன்' வந்து நின்றான். மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கருவி கற்ற பாடம் அது. 2018 கடைசியில்தான் அவன், அவள் என இரண்டு விடைகளையும் சேர்த்துக் காட்டத் தொடங்கினார்கள்.