மீட்பு நாளா, தேறுநாளா?

கடினமாக ஓடிய பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விடும் நாளை ஆங்கிலத்தில் ‘ரெக்கவரி டே’ என்பார்கள். ஓட்டப் பயிற்சி அட்டவணைகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் அதை ‘மீட்பு நாள்’ ஆக்கிவிடுகிறார்கள். அன்று மெதுவாக ஓடும் அரை மணி நேரத்துக்கு ‘செயலில் மீட்பு’ என்று பெயர். கிணற்றுக்குள் யார் விழுந்தது?

‘ரெக்கவரி’யின் மூலச்சொல் லத்தீன், இழந்ததைத் திரும்பப் பெறுவது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடன் வசூலுக்கும் காய்ச்சல் தணிவதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. ஆள் ஆட்சியாவதுபோல, நீள் நீட்சியாவதுபோல, மீள் என்பது மீட்சியாகும். கம்பராமாயணத்தில் இராமன் அயோத்திக்குத் திரும்பும் பகுதிக்கு மீட்சிப் படலம் என்றுதான் பெயர். மீட்பு என்றாலோ மீட்க ஒருவர் வேண்டும், மாட்டிக்கொண்ட ஒருவரும் வேண்டும். வெள்ளத்தில் மீட்பு, அடகுக்கடையில் நகை மீட்பு. இந்த அடகு வாடைதான் ஓடுகிறவரைக் கெடுக்கிறது. ஓடாத நாள் கடன் கணக்கில் ஏறிவிட்டதாக நினைத்து, மறுநாள் 8 கிலோமீட்டருக்குப் பதில் 16 ஓடி அடைக்கப் பார்க்கிறார். அடைவது கடனல்ல, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வருகிறது, இல்லையென்றால் குதிகாலுக்கு மேலே, தசையை எலும்போடு இணைக்கும் நாண் வீங்குகிறது. தசையைவிட நாண் மெதுவாகத்தான் வலுப்பெறும். தசை தயார் என்று சொல்லும் நாளில் நாண் தயாராக இருக்காது.

உடலில் நடப்பதைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். 20 கிலோமீட்டர் ஓடியபின் தசையில் சேமித்திருந்த சர்க்கரையான கிளைகோஜன் வற்றியிருக்கும். நன்றாகச் சோறு சாப்பிட்டாலும் அது நிரம்ப ஏறக்குறைய ஒரு முழுநாள் ஆகும். தசைவலி உச்சத்துக்கு வருவது 24 முதல் 72 மணி நேரத்துக்குள். ஓட்டம் உடலைத் தேய்க்க மட்டுமே செய்கிறது, வலு கூடுவது அதற்குப் பிறகு. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் கடின நாளை அடுத்து இலகு நாள் என்று மாற்றி மாற்றி வைத்தது இதற்காகத்தான்.

இதற்கு நம் வீடுகளில் எப்போதோ சொல் இருக்கிறது: தேறுதல். ‘உடம்பு தேறிடுச்சா?’ என்று கேட்காத ஊர் உண்டா? தேறு என்றால் தெளிதல். கலங்கிய தண்ணீரைத் தேற்றத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசி விடுவார்கள். அதற்கப்புறம் பானையைக் கிண்டாமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘தேறுக தேறும் பொருள்’ என்று குறள் சொல்லும்போது நம்புதல் என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே தேறுநாள், தேறோட்டம். ‘தேறல் நாள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சங்கப் பாட்டில் தேறல் என்பது தெளிந்த கள். தேறுநாள் என்றால் பரீட்சை முடிவு வரும் நாளாகத் தோன்றுமே என்பார்கள். ‘மீட்பு நாள்’ என்றால் தீயணைப்பு வண்டி வருகிறதே, அதைவிடவா?

எல்லாவற்றையும் ‘ஓய்வு’ என்று சொல்லி முடிப்பதும் சரியல்ல. மழை ஓய்ந்தது என்றால் நின்றுவிட்டது. ஓடவே கூடாத நாளுக்குத்தான் ஓய்வுநாள் பொருந்தும். மெதுவாக ஓடும் நாள் தேறுநாள். இரண்டையும் குழப்பினால், ஓய்வுநாளில் ‘சும்மா லேசாக’ என்று கிளம்பி 10 கிலோமீட்டர் போய்விடுவார்கள். ஓய்வைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘குற்றவுணர்வின்றி’ என்று ஒட்டவைப்பது இன்னொரு மொழிபெயர்ப்புத் தொல்லை. யார் என்ன குற்றம் செய்தார்? மனசு உறுத்துகிறது என்பதுதான் நம் பேச்சு. ‘உறுத்தலில்லாமல்’ என்றால் போதாதா?

அட்டவணையில் எழுதும்போது சொல்லோடு அளவையும் எழுதுங்கள். தேறோட்டம்: 30 நிமிடம், மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 7, 8 கூடியிருந்தால் அதையும் அடித்துவிட்டு ஓய்வுநாள் என்று எழுதுங்கள். விட்டுப்போன தூரத்தை அடுத்த வாரத்தில் சேர்க்க வேண்டாம்.