பின்னலும் பூவும் அடுப்பில் கலையாமல் இருப்பது எப்படி?

மாவில் ஒரு பூவைச் செய்துவிடலாம். அது வெந்து வெளியே வரும்போதும் பூவாகவே இருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். உக்ரைனின் கல்யாண ரொட்டியான கொரவாய் மேல் பூக்களும் பறவைகளும் அமர்ந்திருக்கும். யூதர்கள் சப்பாத் என்னும் வாராந்திர ஓய்வுநாளுக்குச் செய்யும் ஹல்லா ரொட்டியில் பின்னல் இருக்கும். சாப்பிட உகந்த ரொட்டி நன்றாக உப்ப வேண்டும். நுணுக்கமான வடிவமோ உப்பவே கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ரொட்டி சுடுபவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. கோதுமைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பின்னும் குளூட்டன் வலை அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. அடுப்புக்குள் போனதும் வாயு விரிகிறது, நீராவியும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஈஸ்ட் செத்துவிடும். அதே சமயத்தில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கெட்டியாகத் தொடங்கும். இன்னும் சூடேறப் புரதமும் இறுகிவிடும். அதுவரை ரொட்டி எல்லாப் பக்கமும் வீங்கிக்கொண்டே இருக்கும். கூர்முனைகள் மழுங்குவதும் கீறல்கள் தூர்ந்துபோவதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

கொரவாய் செய்பவர்கள் இதற்கு நேரடியான வழி வைத்திருக்கிறார்கள். அடி ரொட்டி ஈஸ்ட் போட்டது. அலங்காரத்துக்கு மட்டும் ஈஸ்ட் இல்லாத தனி மாவு. வாயு இல்லை என்றால் வீக்கமும் இல்லை. அந்த மாவில் தண்ணீரும் குறைவாக இருப்பதால் இதழ்கள் துவளாது. வெறும் அலங்காரத்துக்காகவே செய்யும் மாவில் தண்ணீருக்குப் பதில் சர்க்கரைப் பாகு ஊற்றிப் பிசைவதும் உண்டு. சர்க்கரை நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால் குளூட்டன் வலை பலமாக உருவாகாது. உருட்டியது உருட்டியபடி, வெட்டியது வெட்டியபடி இருக்கும். சாப்பிடத்தான் கொஞ்சம் கடினம்!

சாதாரண மாவைக் கயிறாக உருட்டினால் பின்வாங்கிச் சுருங்குமே, அதற்குக் காரணம் குளூட்டெனின் என்ற புரதம். அது மீள்தன்மை தருகிறது. கிளையாடின் என்ற இன்னொன்று நீளவிடுகிறது. மாவை 15, 20 நிமிடம் சும்மா விட்டால் இறுக்கம் தளர்ந்து பேச்சைக் கேட்கும். கோதுமை ரகத்தையே மாற்றுவது இன்னொரு வழி. சார்டினியாத் தீவில் கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் செய்யும் கொக்கோய் ரொட்டிக்கு டியூரம் கோதுமையின் நைசான ரவைதான் மாவு. டியூரம் குளூட்டன் விறைப்பானது, அதிகம் நீளாது. கத்தரியாலும் சிறு கத்தியாலும் வெட்டி நிமிர்த்திய முனைகள் வெந்த பிறகும் கூர்மையாக நிற்கின்றன. அலங்கார ரொட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பின்னலின் கதை வேறு. அங்கே உப்புவதால்தான் அழகு. ஒவ்வொரு புரிக்கும் தனித் தோல் இருக்கிறது. லேசாக உலர்ந்த மாவு தடவினால் பக்கத்துப் புரியோடு ஒட்டிக் கரையாமல் நிற்கும். புரிகள் பருக்கப் பருக்க நடுவே உள்ள கோடு எடுப்பாகத் தெரியும். ஆனால் இறுக்கிப் பின்னினால் விரிய இடமில்லாமல் கிழியும். போதுமான நேரம் புளிக்கவிடாமல் சுட்டாலும் அடுப்பில் திடீரென உப்பி வெடிக்கும். அதிகம் புளித்துவிட்டாலோ வலை பலமிழந்து எல்லாம் தட்டையாகிவிடும்.

மெக்சிகோவில் இறந்தோர் நாளுக்குச் செய்யும் பான் தே முவெர்தோ மேல் எலும்பு வடிவங்களை ஒட்டுவார்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் கூடுதல் மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, விரல்களை அகற்றி வைத்து உருட்டுகிறார்கள். விரல் அழுத்திய இடம் மெலிகிறது, இடைவெளியில் உள்ள மாவு முண்டு முண்டாகப் புடைக்கிறது. அவ்வளவுதான், எலும்பு தயார்.

சரி, நிறம்? மேலே பூசும் முட்டையின் புரதமும் சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பாகின்றன. மேடான பகுதி முதலில் காய்ந்து சிவக்கும், பள்ளம் வெளிறியே இருக்கும். அந்த வேறுபாடே வடிவத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மெல்லிய இதழ் கருகத் தொடங்கும்போது பெரிய கொரவாயின் நடுப்பகுதி வெந்திருக்காது. அதனால் பாதியில் மேலே தாளைப் போட்டு மூடுகிறார்கள், அல்லது பூக்களைத் தனியே சுட்டு அப்புறம் செருகுகிறார்கள்.