படிக்கு இவ்வளவு என்று விலை சொல்லலாமா?

கொள்ளும் உளுந்தும் நெல்லும் சில ஊர்களில் இன்னும் படிக்கணக்கில் விலை பேசப்படுகின்றன. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை. அதன் 11ஆம் பிரிவுப்படி, விலையை வாயால் சொன்னாலும், பலகையில் எழுதினாலும், பில்லில் போட்டாலும் கிலோ, லிட்டர் போன்ற நிர்ணய அளவுகளில்தான் சொல்ல வேண்டும். வீட்டில் ஆழாக்கால் அளந்து உலையில் அரிசி போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

பழைய முகத்தலளவை வாய்பாடு என்னவோ ஒழுங்கானதுதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் அந்த மரக்காலே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. அதனால்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள், நெல் கணக்கைச் சொல்லும்போது, 'இராசகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான்' (இராசகேசரி என்னும் மரக்காலுக்குச் சமமான ஆடவல்லான்) என்று மரக்காலின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. போதாக்குறைக்கு, அதே மரக்காலைத் தலை வழித்தும் அளக்கலாம், கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம். கூடுதலா குறைவா என்பது அளக்கிறவர் கையில் இருந்தது.

இதில் வயிறு காய்ந்தவர்கள் நெல்லைக் கூலியாக வாங்கியவர்கள். தஞ்சை வட்டாரத்தில் கூலி அளக்கக் குறைந்த கொள்ளளவுள்ள மரக்காலை வைத்திருந்த பண்ணைகள் உண்டு. கள்ள மரக்கால் என்றே அதற்குப் பெயர். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் போராட்டத்தில், அளவு சரியென்று அரசு முத்திரையிட்ட மரக்காலால்தான் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. கூலி உயர்வுக்குச் சற்றும் குறையாத கோரிக்கை அது. இரண்டு மரக்கால் கூலி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அளக்கும்போது பிடித்துக்கொண்டால் உயர்வுக்கு என்ன பொருள்?

1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் நாடு முழுவதற்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி, படிப்படியாகப் பழைய அளவைகள் விலக்கப்பட்டன.

முத்திரை மட்டும் விலகவில்லை. கடைக்காரர் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும், எடைக்கற்களுக்கும் லிட்டர் அளவைகளுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுமுத்திரை பெற வேண்டும். அதற்கான சான்றிதழ் வாங்குபவர் கண்ணில் படும்படி கடையில் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. எடை குறைந்தால் உங்கள் மாவட்டத்தில் உள்ள அத்துறை அலுவலகத்திலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.