ஓரத்து நட்சத்திரத்துக்கு ஏன் வால் முளைக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “புதுத் தொலைநோக்கியில் நடுவே புள்ளியாகத் தெரிகிற நட்சத்திரம், ஓரத்துக்கு நகர்ந்ததும் வால் முளைத்துப் பரவுகிறது. ஆடி பழுதா?”

இல்லை. துல்லியமாகத் தேய்த்த பரவளைய ஆடியிலும் இந்த வால் வரும். இதன் பெயர் கோமா. மருத்துவமனைக் கோமாவோடு சம்பந்தமில்லை. தலைமுடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘காமெட்’டுக்கும் அதே வேர்தான்.

அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் பரவளைய ஆடியில் பட்டுக் குவியத்தில் சேரும். பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. நட்சத்திரம் அரை டிகிரி விலகி இருந்தால்?

வாசகரின் ஆடி 20 செ.மீ. அகலம், குவியத் தொலைவு 1 மீட்டர். ஆடியின் மையத்திலிருந்து குவியம் 1000 மி.மீ. விளிம்பிலிருந்து சாய்வாக அளந்தால் 1002.5 மி.மீ. இந்த இரண்டரை மில்லிமீட்டர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். சாய்ந்து வரும் ஒளியை, குவியத்துக்குத் தொலைவில் இருக்கும் பகுதி சற்றுக் கூடுதலாகத் தள்ளிவிடும்.

வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல ஆடியை வளையம் வளையமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி ஒரு புள்ளியைத் தரும். அடுத்த வளையம் சற்றுத் தள்ளி ஒரு சின்ன வட்டத்தைப் போடும். வெளி வளையம் இன்னும் பெரிய வட்டத்தை இன்னும் தள்ளிப் போடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: ஆடி வளையத்தில் நீங்கள் ஒரு சுற்று வருவதற்குள், அங்கிருந்து கிளம்பிய கதிர் ஒளி வட்டத்தில் இரண்டு சுற்று வந்துவிடும்! ஒவ்வொரு வட்டத்தின் மையமும், அந்தப் புள்ளியிலிருந்து தன் ஆரத்தைப் போல இரு மடங்கு தள்ளி இருக்கும். அதனால் எல்லா வட்டங்களும் 60 டிகிரி முனைக்குள் அடங்கிவிடுகின்றன, சுண்டல் பொட்டலம் மாதிரி. கூர்முனையில் ஒளி அடர்த்தி, வாய்ப்பக்கம் மங்கல். அரை டிகிரியில் இந்த வாலின் நீளம், வானில் வியாழன் தெரியும் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், குவியத் தொலைவு அதைப்போல 3.25 மடங்குதான். அங்கே மையத்துக்கும் விளிம்புக்கும் வித்தியாசம் சுமார் 4.5 செ.மீ. அதனால் பெரிய ஆடி நேரடியாக ஒளியைக் குவிக்கும் இடமான முதன்மைக் குவியத்தில் திருத்த லென்ஸ்கள் வேண்டியிருக்கின்றன.

பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை ஆடி தேய்க்கும் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். பரவளையம் என்னவென்று பிள்ளைகளுக்குக் கையே சொல்லிக்கொடுத்துவிடும்.

சரி, வாசகருக்கு ஒரு சோதனை. அட்டையின் நடுவில் 10 செ.மீ. ஓட்டை போட்டு, குழாயின் வாயில் நடுவாக மாட்டிப் பாருங்கள். ஆரம் பாதியானதும் வால் கால்பங்காகச் சுருங்கும், நட்சத்திரமும் மங்கும். நடுவிலேயே வால் தெரிந்தால்தான் தொலைநோக்கியின் பெரிய ஆடியும் சின்ன ஆடியும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று அர்த்தம். அப்போது பெரிய ஆடியின் பின்பக்கத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.